வான் தூரமும் வழித் தூரமும்: கண்டியிலிருந்து ஒரு நோக்கு

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையேயுள்ள தூரம் எவ்வளவு, அதனைக் கடக்க எவ்வளவு நேரம் செல்லும் என்னும் வினாக்கள், மேலோட்டமாக நோக்குமிடத்து மிக எளியனவாகத் தோன்றும். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும் என்பது பாடசாலைக் கணிதம். ஆயினும் கண்டி நகரில் நின்றுகொண்டு இவ்வினாவை எழுப்புவோமாயின், விடை அத்துணை எளிதாகக் கிட்டுவதில்லை. கட்டுநாயக்காவுக்கும் சென்னைக்கும் இடையேயுள்ள தூரம் ஏறத்தாழ 644 கி.மீ. இதனை விமானம் ஏறத்தாழ 1 மணி 20 நிமிடத்தில் கடந்துவிடுகிறது. கண்டிக்கும் கட்டுநாயக்காவுக்கும் இடையேயுள்ள நேர்கோட்டுத் தூரமோ ஏறத்தாழ 84 கி.மீ. மட்டுமே. பெருந்தெரு வழியே இது 100 கி.மீ. அளவாகிறது. பேருந்தில் செல்பவருக்கு இத்தூரம் மூன்று மணி முதல் மூன்றரை மணி நேரம் வரை எடுக்கிறது. ஏழரை மடங்குத் தூரம் அரைவாசிக்கும் குறைந்த நேரத்தில் கடக்கப்படுகிறது என்பது இதன் பொருள்.

இம்முரண்பாட்டை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தூரம் என்று நாம் பொதுவாகக் கூறுவதில் மூன்று அளவுகள் அடங்கியுள்ளன. முதலாவது, புவியின் வடிவத்தால் தீர்மானிக்கப்படும் நிலையான அளவு. இரண்டாவது, பொறியினாலும் காற்றினாலும் தீர்மானிக்கப்படும் பறப்பு நேரம். மூன்றாவது, ஒரு மனிதர் தம் வீட்டு வாசலிலிருந்து புறப்பட்டு, தாம் சேரவேண்டிய வீட்டு வாசலை அடைய எடுக்கும் காலம். இம்மூன்றாவது அளவு சமூகத்தால் தீர்மானிக்கப்படுவது. முதலிரண்டும் எல்லோருக்கும் பொதுவானவை. மூன்றாவது ஒருவருடைய வர்க்கத்துக்கும் அவர் கையிலுள்ள பத்திரங்களுக்கும் ஏற்ப வேறுபடுவது. கண்டிச் சீமையின் கடந்த 200 ஆண்டு வரலாறு இதற்குத் தக்க சான்றாக அமைகிறது.

1. தூரம் அளக்கப்படும் முறை

புவி ஏறத்தாழ உருண்டை வடிவினது. உருண்டையின் மேற்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய பாதை, அப்புள்ளிகளூடாகவும் உருண்டையின் மையத்தூடாகவும் செல்லும் தளத்தில் அமையும் வட்டத்தின் ஒரு வில்லாகும். இதனைப் பெருவட்டம் என்பர். ஒரு பூகோள உருண்டையை எடுத்து, இரு நகரங்களுக்கிடையே நூலொன்றை இறுக இழுத்துப் பிடித்தால், நூல் படியும் வழியே பெருவட்ட வழி. விமான நிலையங்களுக்கிடையேயான தூரமாக அட்டவணைகளிற் காணப்படுவது இவ்வழியின் நீளமே.

இதனைக் கணிப்பதற்குக் கட்டுநாயக்கா–சென்னை வழி வாய்ப்பான எடுத்துக்காட்டாகும். இரு நிலையங்களும் ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் அமைந்துள்ளன. கட்டுநாயக்கா வட அகலக்கோடு 7 பாகை 11 கலையிலும், சென்னை விமான நிலையம் 12 பாகை 59 கலையிலும் உள்ளன. இவற்றிடையேயான வேறுபாடு 5 பாகை 48 கலை. அதாவது 348 கலை. அகலக்கோட்டின் ஒரு கலை ஒரு கடல் மைலுக்குச் சமம் என்பது மாலுமிகள் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. ஆகவே 348 கடல் மைல் ஏறத்தாழ 644 கி.மீ. ஆகிறது. கருவி எதுவுமின்றி, தாளிலும் பென்சிலிலும் செய்யக்கூடிய இக்கணக்கு, நுணுகிய முறைகளால் பெறப்படும் அளவிலிருந்து அதிகம் விலகுவதில்லை.

தொலைவு கூடக்கூடத் தட்டையான தேசப்படம் நம்மை ஏமாற்றத் தொடங்குகிறது. கட்டுநாயக்காவிலிருந்து கனடாவின் ரொறன்ரோ நகருக்கு வழி யாது என வினவினால், சுவரிலே தொங்கும் உலகப் படத்தை நோக்கி, மேற்கே ஆபிரிக்காவையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து செல்லவேண்டும் என்றே பலரும் கூறுவர். உண்மையிலே பெருவட்ட வழி வடக்கு வடமேற்காகப் புறப்பட்டு, ஆர்க்டிக் வட்டத்துக்கும் அப்பால் ஏறி, மறுபுறமாக இறங்குகிறது. அதன் நீளம் ஏறத்தாழ 14,000 கி.மீ. ஈழத்தமிழர் பெருந்தொகையினராகக் குடியேறிய அந்நகரும் நமது தீவும் ஒன்றுக்கொன்று வடதுருவப் பகுதியின் வழியாகவே அண்மையில் இருக்கின்றன என்பது வியப்புக்குரியது.

இலண்டனுக்கான பெருவட்ட வழி ஏறத்தாழ 8,700 கி.மீ. நீளமானது. அது அரபிக் கடலின் மேலாகச் சென்று, ஈரானைக் கடந்து, கருங்கடலையும் கிரிமியாவையும் தொட்டு, ஐரோப்பாவினுட் புகுகிறது. கேத்திர கணிதம் காட்டும் இவ்வழியிலே எல்லா விமானங்களும் செல்ல முடிவதில்லை. 2022 பெப்ரவரி 24ஆம் திகதி போர் தொடங்கியதும் உக்ரைனின் வான்வெளி குடிசார் விமானங்களுக்கு மூடப்பட்டது. அதன் விளைவாகத் தெற்கே வளைந்து செல்லவேண்டிய நிலை உண்டாயிற்று. ஆகவே வானத்திற்கூடத் தூரம் முற்றிலும் கணிதத்துக்கு மட்டும் உரியதன்று. அரசுகள் வரைந்த எல்லைகள் அங்கும் உள்ளன.

2. பறப்பு நேரம்

தாரை விமானம் உயரத்தில் நிலைகொண்ட பின்னர் மணிக்கு ஏறத்தாழ 850 கி.மீ. வேகத்திற் பறக்கும். அவ்வாறாயின் 644 கி.மீ. தூரத்தை 45 நிமிடத்திற் கடந்துவிட வேண்டும். அட்டவணையோ 1 மணி 20 நிமிடம் அல்லது அதற்குச் சற்று மேல் எனக் குறிப்பிடுகிறது. எஞ்சிய 35 நிமிடம் எங்கே சென்றது?

விமானம் தரித்து நிற்கையில் அதன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகள் வைக்கப்படும். அக்கட்டைகள் அகற்றப்படும் கணம் முதல், சேரிடத்தில் மீண்டும் கட்டைகள் வைக்கப்படும் கணம் வரையுள்ள காலமே அட்டவணையிற் குறிக்கப்படும் பயண நேரமாகும். ஓடுபாதையை நோக்கி மெல்ல நகர்தல், புறப்பட அனுமதி பெறக் காத்திருத்தல், மேலேறுதல், கீழிறங்குதல், இறங்குவதற்கு முறை வரும்வரை சுற்றிவருதல் ஆகிய யாவும் இதனுள் அடங்கும். இவற்றுக்கான நேரம் பயணம் குறுகியதாயினும் நீண்டதாயினும் ஏறத்தாழ ஒன்றே. எனவே தூரத்தை 850ஆல் வகுத்து, அதனுடன் 35 நிமிடத்தைக் கூட்டினால், பறப்பு நேரத்தை ஓரளவு சரியாக மதிப்பிடலாம். சென்னைக்கு 1 மணி 20 நிமிடம், 3,290 கி.மீ. தொலைவிலுள்ள துபாய்க்கு ஏறத்தாழ நாலரை மணி. இலண்டனுக்கு ஏறத்தாழ 11 மணி. குறுகிய பயணத்தின் சராசரி வேகம் மணிக்கு 480 கி.மீ. அளவிலும், நெடும் பயணத்தின் சராசரி வேகம் மணிக்கு 800 கி.மீ. அளவிலும் அமைவது இதனாலேயாகும்.

பொறியின் வகையும் கவனத்திற்குரியது. 2019 ஒக்டோபரில் பலாலி விமான நிலையம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, அடுத்த மாதம் சென்னைக்குச் சேவை தொடங்கிற்று. 2020இல் தடைப்பட்ட அச்சேவை 2022 டிசம்பரில் மீண்டும் ஆரம்பமாயிற்று. பலாலிக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 354 கி.மீ. மட்டுமே உண்டு, கட்டுநாயக்கா வழியில் இது பாதியைச் சற்றே விஞ்சியது. எனினும் அங்கு பயன்படுத்தப்பட்ட சுழல்விசிறி விமானத்தின் வேகம் மணிக்கு 500 கி.மீ. அளவினதாகையால், பயண நேரம் கட்டுநாயக்காவிலிருந்து தாரை விமானத்திற் செல்லும் நேரத்துக்கு ஏறக்குறையச் சமமாகவே இருந்தது.

இவ்வேகங்கள் யாவும் அண்மைக்காலத்தன. 1943 முதல் 1945 வரை, காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவிக்கும் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்கும் இடையே, குவாண்டாஸ் நிறுவனத்தின் கட்டலீனா நீர்விமானங்கள் இடைநில்லாது பறந்தன. சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாகியிருந்தமையால் மூடப்பட்ட வழிக்கு மாற்றாக அமைந்தது இது. தூரம் ஏறத்தாழ 5,650 கி.மீ.; பறப்பு நேரம் 27 மணி முதல் 32 மணி வரை. எரிபொருளின் சுமை காரணமாக மூன்று பிரயாணிகளுக்கு மேல் ஏற்ற முடியவில்லை. ஒரே பயணத்தில் இருமுறை சூரியன் உதிப்பதைக் கண்டமையால் அது இரட்டைச் சூரியோதயப் பயணம் எனப் பெயர் பெற்றது. இன்றைய தாரை விமானத்துக்கு அதே தூரம் ஏறத்தாழ ஏழு மணி நேரப் பணி.

போர் முடிந்தபின், 1947 டிசம்பர் 10ஆம் திகதி, எயார் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குப் பறந்தது. மணிக்கு 270 கி.மீ. அளவு வேகமுடைய அவ்விமானத்துக்கு, இடையில் தரித்து நின்ற நேரம் நீங்கலாக, பறப்பு மட்டுமே இரண்டரை மணி நேரம் அளவாகும். அது புறப்பட்ட காலத்தை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். விமானவழி திறந்ததற்கு அடுத்த ஆண்டு, 1948இல், பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வானத்திலே தூரம் சுருங்கத் தொடங்கிய அதே வேளையில், தரையிலே அது விரியத் தொடங்கிற்று.

3. காற்றும் கடிகாரமும்

ஒரே வழியிற் போகும் நேரமும் வரும் நேரமும் சமமாக இருப்பதில்லை. நடு அகலக்கோட்டுப் பகுதிகளில், விமானங்கள் பறக்கும் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி விரைந்து வீசும் காற்றோட்டங்கள் உள்ளன. இலண்டனிலிருந்து கொழும்புக்கு வரும் விமானத்தை அவை முன்னே தள்ளுகின்றன. செல்லும் விமானத்தை எதிர்க்கின்றன. எனவே திரும்பி வரும் பயணம் பொதுவாக அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை குறைவாக இருக்கும். வடக்குத் தெற்காக அமைந்த சென்னை வழியில் இவ்வேறுபாடு சிறிது.

கடிகாரம் தரும் மயக்கம் வேறு வகையானது. அட்டவணையில் புறப்படும் நேரமும் சேரும் நேரமும் அவ்வவ்விடத்து நேரமாகவே குறிக்கப்படும். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இன்று நேர வேறுபாடு இல்லை. ஆயினும் மின்தட்டுப்பாட்டை முன்னிட்டு 1996 மே மாதத்தில் இலங்கை தன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி, அவ்வாண்டு ஒக்டோபரில் அதனை அரை மணி நேரமாகக் குறைத்து, 2006 ஏப்பிரலில் பழைய நேரத்துக்கு மீண்டது. இடைப்பட்ட பத்தாண்டு அளவிலே, 80 நிமிடப் பயணம் சென்னைக்குச் செல்லுகையில் அட்டவணையில் 50 நிமிடமாகவும், திரும்பி வருகையில் 110 நிமிடமாகவும் தோன்றிற்று. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளில் பழைய நேரமே பின்பற்றப்பட்டமையால், ஒரு தீவினுள்ளேயே இரு நேரங்கள் வழங்கின. கடிகாரத்தின் முள்ளும் அரசியலுக்கு அப்பாற்பட்டதன்று என்பதற்கு இது சான்று.

4. காப்பிக்குப் புகையிரதம், தொழிலாளிக்குக் காட்டுவழி

இதுவரை நோக்கியவை வானத்துக்குரியன. இனிக் கண்டிக்கும் தமிழகத்துக்கும் இடையே மக்கள் உண்மையிற் பயணம் செய்த வரலாற்றை நோக்குவோம். கண்டியிலிருந்து திருச்சிராப்பள்ளி நேர்கோட்டில் ஏறத்தாழ 440 கி.மீ. தொலைவில் உள்ளது. இவ்வளவு என்றும் மாறியதில்லை. மாறியவை அதனைக் கடந்த முறைகளும் அம்முறைகளுக்கு உரியவராக இருந்தோருமே.

1820களிற் கம்பளைப் பகுதியில் ஐரோப்பியரின் காப்பித் தோட்டங்கள் தோன்றலாயின. தொழிலாளர் தென்னிந்தியாவிலிருந்து வந்தனர். பாக்கு நீரிணையைத் தோணியிற் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள், அங்கிருந்து மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் தூரத்தை, நீர் அரிதான வரண்ட காட்டினூடாக நடந்தே கடந்தனர். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழிநெடுகிலும் உயிர்களைப் பறித்தன. நடக்க இயலாதவர் வழியிலே விடப்பட்டனர். மாத்தளையை அடைந்தவரே தொழிலாளர் எனக் கணக்கிற் சேர்ந்தனர்.

அதே காலத்திற் காப்பிக்கு நேர்ந்தது வேறு. கொழும்பு–கண்டிப் பெருந்தெரு 1820களில் அமைக்கப்பட்டது. 1867இற் புகையிரதம் கண்டியை எட்டியது. 1880இல் அது மாத்தளை வரை நீண்டது. மாட்டு வண்டியிலே பல நாள்கள் சென்ற காப்பி மூட்டை, சில மணி நேரத்திற் கொழும்புத் துறைமுகத்தை அடையலாயிற்று. எனினும் அக்காப்பியைப் பறித்த தொழிலாளிக்கு வடக்கேயிருந்து வரும் வழி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பெரும்பாலும் கால்நடை வழியாகவே இருந்தது. மூலதனம் இடத்தூரத்தைக் காலத்தால் வெல்ல முயலுகிறது எனக் கார்ல் மார்க்ஸ் 1857–58ஆம் ஆண்டுக் குறிப்பேடுகளில் எடுத்துக்காட்டினார். கண்டிச் சீமையில் அவ்வெற்றி முதலில் பண்டத்துக்கே கிட்டியது. பண்டத்தை விளைத்த மனிதருக்கு அது அரை நூற்றாண்டு பிந்தியே கிட்டியது.

1914 மார்ச்சில் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கி, இரு கரையின் புகையிரதங்களும் இணைக்கப்பட்டன. கண்டியிற் புறப்பட்ட ஒருவர் பொல்காவலை, மாகோ, அநுராதபுரம், மதவாச்சி வழியாகத் தலைமன்னாரை அடைந்து, ஏறத்தாழ 35 கி.மீ. கடலைக் கப்பலிற் கடந்து, மறுகரையில் மீண்டும் புகையிரதம் ஏறலாம். வாரக்கணக்கான வழி இரண்டொரு நாள் வழியாயிற்று. திருமணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் மரண வீட்டுக்கும் மக்கள் போய் வந்தனர். இரு கரையும் ஒரே உறவு வட்டத்தினுள் அடங்கியிருந்த காலம் அது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின், கப்பல் இராமேசுவரத்துக்குச் சென்றது.

5. ஒருவழிப் பயணம்

அப்புயலுக்கு ஏறத்தாழ இரு மாதங்கள் முன்னர், 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி, சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. நாடற்றவராகக் கணிக்கப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் பாதிப்பாதியாக ஏற்பதென 1974இல் உடன்பாடு காணப்பட்டது. யாருடைய எதிர்காலம் தீர்மானிக்கப்பட்டதோ, அவர்களுடைய கருத்து இவ்விரு வேளைகளிலும் கேட்கப்படவில்லை.

இவ்வரலாற்றிலே கண்டி நகருக்குத் தனியிடம் உண்டு. இந்தியத் தூதரகத்தின் கிளை அலுவலகம் இங்கேயே இயங்கியது. விண்ணப்பத்தின் முடிவை அறியவும் கடவுச்சீட்டைப் பெறவும் தெல்தோட்டை, கலஹா, புசல்லாவை, மடுல்கலை முதலிய இடங்களிலிருந்து தொழிலாளர் ஒரு நாட் சம்பளத்தை இழந்து கண்டிக்கு வந்தனர். மீண்டும் மீண்டும் வந்தனர். விண்ணப்பம் சமர்ப்பித்ததற்கும் புகையிரதம் ஏறியதற்கும் இடையே ஆண்டுகள் சென்றன. 440 கி.மீ. தூரத்துக்கு இவர்கள் செலவிட்ட உண்மையான பயண நேரம் இவ்வாண்டுகளையும் சேர்த்தே கணிக்கப்படல் வேண்டும்.

தலைமன்னார் நோக்கிச் சென்ற புகையிரதத்தை மலையக மக்கள் ஒப்பாரிக் கோச்சி என்றழைத்தனர். கோச்சி என்பது புகையிரதத்துக்கு இங்குள்ள பேச்சு வழக்கு. பெற்றோருக்கு இந்தியக் கடவுச்சீட்டும், மணமான மகளுக்கு இலங்கைப் பிரஜாவுரிமையும் கிடைத்த குடும்பங்கள் பல. புகையிரத மேடையிலே எழுந்த அழுகை, மரண வீட்டு ஒப்பாரியை ஒத்திருந்ததில் வியப்பில்லை. முன்னர் அதே புகையிரதத்திற் சென்றவர் திரும்பி வருவர் என்னும் நம்பிக்கை இருந்தது. இப்போது சீட்டு ஒருவழிச் சீட்டு. தூரம் அதுவே, வண்டியும் அதுவே, திரும்பும் வழி மட்டுமே அகற்றப்பட்டிருந்தது.

1984இற் போர்ச் சூழல் காரணமாகக் கப்பற் சேவை நின்றது. இந்தியப் பிரஜைகளாகப் பதிவு பெற்றும் செல்ல இயலாதோர் இங்கே தேங்கினர். தோட்டத்திலே தொடர்ந்து உழைத்த அவர்களில் நாடற்றவராக எஞ்சியோருக்கு, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே பிரஜாவுரிமை வழங்கிற்று. ஒப்பந்தத்துக்கும் இச்சட்டத்துக்கும் இடையே 39 ஆண்டுகள் கழிந்தன.

6. தெல்தோட்டையிலிருந்து கூடலூருக்கு

தாயகம் திரும்பியோர் என்று பெயரிடப்பட்டுச் சென்றோரிற் பலர் நீலகிரி மாவட்டத்தில், கூடலூர், கோத்தகிரி முதலிய இடங்களிற் குடியேறினர். தேயிலைத் தொழிலன்றி வேறு அறியாத அவர்களிற் பலருக்கு, தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்கள் வேலை தந்தன. இன்று தெல்தோட்டை லயம் ஒன்றில் வாழும் தங்கை, கூடலூரில் வாழும் அண்ணனைப் பார்க்கச் செல்வதாக வைத்துக்கொள்வோம். கண்டிக்கும் கூடலூருக்கும் இடையேயுள்ள நேர்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 650 கி.மீ. கட்டுநாயக்கா–சென்னைத் தூரமும் ஏறக்குறைய இதுவே. விமானம் 80 நிமிடத்திற் கடக்கும் இத்தூரம், இவ்வம்மையாருக்கு எவ்வளவு?

தெல்தோட்டையிலிருந்து கண்டிக்கு மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம். கண்டியிலிருந்து கட்டுநாயக்காவுக்கு மூன்றரை மணி நேரம். மாரியிலே கடுகண்ணாவைச் சரிவில் மண் சரிந்தால் இக்கணக்கும் நில்லாது. விமான நிலையத்திற் சோதனைகளுக்காக மூன்று மணி நேரம். திருச்சிராப்பள்ளிக்குப் பறப்பு ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கு வெளியே வர ஒரு மணி நேரம். திருச்சிராப்பள்ளியிலிருந்து கோயம்புத்தூர் வழியாக நீலகிரி மலையேறிக் கூடலூரை அடைய ஏறத்தாழ ஒன்பது மணி நேரம். மொத்தம் 19 மணி நேரம். இதில் வானத்திற் கழிந்தது ஒரு மணி நேரமே. 650 கி.மீ. தூரத்தை 19 மணி நேரத்தாற் பிரித்தால், சராசரி வேகம் மணிக்கு 34 கி.மீ. ஆகிறது. மணிக்கு 850 கி.மீ. வேகமுடைய பொறி இடையில் வந்தும், இவ்வளவே பயன்.

இக்கணக்கிற் சேராதவை வேறு உள்ளன. கடவுச்சீட்டுப் பெறுதலும் இந்திய விசாப் பெறுதலும் முதற்படிகள். அவற்றுக்கும் விமானச் சீட்டுக்கும் வேண்டிய பணத்தை நாட்சம்பளத்திலிருந்து சேமிக்கும் காலம் மாதங்களால் அளக்கப்படுவது. கொழும்பிலிருந்து வணிகத்தின் பொருட்டுச் சென்னை செல்லும் ஒருவருக்கு இந்நாள்களெல்லாம் இல்லை. இருவரும் அருகருகே அமர்ந்து பறக்கலாம். ஒரே தூரத்தையும் ஒரே நேரத்தையும் கடக்கலாம். ஆயினும் அவர்கள் செய்த பயணங்கள் ஒன்றல்ல.

கண்டிக்கு ஓடுபாதையுடைய விமான நிலையம் இல்லை. பொல்கொல்லை நீர்த்தேக்கத்திற் சுற்றுலாப் பயணிகளுக்கான சிறு நீர்விமானங்கள் இறங்கியதுண்டு. அவை யாருடைய தூரத்தைச் சுருக்கின என்பது வெளிப்படை. 2022 ஜனவரியில் மத்திய அதிவேகப் பாதையின் மீரிகம–குருநாகல் பகுதி திறக்கப்பட்டபோதும் அது கண்டியை எட்டவில்லை. தலைமன்னார்த் துறை வரையான புகையிரதப் பாதை 2015 மார்ச்சில் மீளத் திறக்கப்பட்டது. ஆனால் அங்கிருந்து ஏறுவதற்குக் கப்பல் இல்லை. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பற் சேவை ஆரம்பமாகி, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கப்பட்டது. கண்டியிலிருந்து காங்கேசன்துறை 300 கி.மீ.க்கு மேற்பட்ட தொலைவில் உள்ளது. வழிகள் திறக்கின்றன, அவை ஒன்றோடொன்று பொருந்தும் நிலை இன்னும் உருவாகவில்லை. 1914இல் இரு கரைப் புகையிரதங்களையும் ஒரு கப்பலால் இணைத்த திட்டமிடல், அதன்பின் மலைநாட்டு மக்களுக்கு வாய்க்கவில்லை எனலாம்.

7. நாலரை மணி நேரமும் இரண்டு ஆண்டுகளும்

இன்று தோட்டப்புறப் பெண்கள் பலர் முதன்முதலாக விமானம் ஏறுவது தமிழகத்துக்காக அன்று. வளைகுடா நாடுகளில் வீட்டு வேலை செய்வதற்காகவே. துபாய்க்குப் பறப்பு நேரம் நாலரை மணி என மேலே கண்டோம். அங்குள்ள கடிகாரம் இலங்கைக்கு ஒன்றரை மணி நேரம் பிந்தியது; ஆகவே காலை 10 மணிக்குப் புறப்பட்டவர் அந்நாட்டு நேரப்படி பிற்பகல் 1 மணிக்கே சென்றிறங்குவார். போகும் வழி இவ்வளவு குறுகியது. திரும்பும் வழியோ ஒப்பந்தக் காலம் முடியும்வரை, பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள், மூடப்பட்டிருக்கும். கடவுச்சீட்டை வேலை கொள்வோர் தம் கையில் வைத்துக்கொள்ளும் வழக்கமுள்ள இடங்களில், தாய் இறந்த செய்தி கேட்டும் புறப்பட இயலாது. அத்தகைய பெண்ணுக்குத் துபாய்க்கும் கட்டுநாயக்காவுக்கும் இடையேயுள்ள தூரம் 3,290 கி.மீ. என்று கூறுவது கணிதப்படி சரியே. அவள் நிலையை அது சொல்வதாகாது.

மாத்தளைக் காட்டுவழியில் நடந்தவருக்கும், ஒப்பாரிக் கோச்சியில் ஏறியவருக்கும், கட்டுநாயக்காவில் வரிசையில் நிற்கும் இப்பெண்ணுக்கும் இடையே ஒரு தொடர்ச்சி உண்டு. பொறியின் வேகம் நூறு மடங்குக்கு மேற் பெருகியுள்ளது. எப்போது புறப்படுவது, எப்போது திரும்புவது என்பதைத் தாமே தீர்மானிக்கும் உரிமை அதே அளவிற் பெருகவில்லை. அவ்வுரிமை இல்லாதவிடத்து வேகம் கொண்டு செல்வதற்கு உதவுகிறதேயன்றி, வந்து சேர்வதற்கு உதவுவதில்லை.

எனவே இரு விமான நிலையங்களுக்கிடையேயான தூரத்தையும் நேரத்தையும் வினவுவோர், இன்னும் இரு வினாக்களையும் உடன் எழுப்புதல் நன்று: விமான நிலையத்தை அடைய அவருக்கு எவ்வளவு காலம் சென்றது? அவர் விரும்பியபோது திரும்பி வர முடியுமா? முதலாவதற்கு விடை தருவன பாதைகளும் கூலியும். இரண்டாவதற்கு விடை தருவன சட்டங்களும் ஒப்பந்தங்களும். இவை மனிதரால் ஆக்கப்பட்டவை. ஆதலின் மனிதரால் மாற்றப்படக் கூடியவை. கட்டுநாயக்காவுக்கும் சென்னைக்கும் இடையேயுள்ள 348 கடல் மைலைக் குறைக்க யாராலும் இயலாது. தெல்தோட்டைக்கும் கூடலூருக்கும் இடையேயுள்ள 19 மணி நேரத்தைக் குறைக்க இயலும்.